தம்பி தராத எச்சில்

"தம்பி மாட்டேன் என்கிறான்," என்றார் வீட்டு அம்மையார் சிஞோரா கெர்டா. இத்தாலியின் பலேர்மோவில் அவரைப் பராமரிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் அனிற்றா காப்பியை நீட்டினாள்.

"ஏனாம்?"

"நம் பரம்பரையில் யூதரே கிடையாதாம். மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்க மாட்டானாம்."

ஜெர்மன் கிராமமொன்றில் மாட்டு வியாபாரம் செய்த அப்பா வழிப் பூட்டன், ஞானஸ்நானம் பெற்ற யூதர் என்று அம்மா சாகும்போது சொல்லியிருந்தார். அது உண்மையா என்று தெரியாமல் கண்ணை மூட எண்பது வயது கெர்டாவுக்கு மனமில்லை.

"உங்கடை எச்சில் காணாதோ, சிஞோரா?"

"போதாது. அப்பா வழியைக் காட்டுவது ஒய் குரோமோசோம். அது அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகும், மகளுக்கு வராது. எனக்கோ ஒரே தம்பி."

"சித்தப்பாவுக்குப் பெடியள் இல்லையோ? எங்கடை முறைக்கு அவையும் தம்பிமார்தான்."

கெர்டா காப்பியைக் கீழே வைத்தார். சித்தப்பாவுக்கும் அதே தாத்தாவின் குரோமோசோம்தானே!

சித்தப்பா மகன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார். இரண்டு மாதத்தில் கணினியில் முடிவு வந்தது. கெர்டாவுக்குக் கண் மங்கல் என்பதால் அனிற்றாவே வாசித்தாள்.

"உங்கடை அம்மா சொன்னது சரிதான், சிஞோரா. இதோடை பொருந்திற ஆக்கள் எல்லாரும் யூதக் குடும்பங்கள். ஒருத்தரைத் தவிர."

"அது யார்?"

"உங்கடை தம்பி. மூண்டு வரியத்துக்கு முந்தியே எச்சில் குடுத்திருக்கிறார்."

கெர்டா அன்றைய காப்பியை முழுவதும் குடித்து முடித்தார்.

"அவரோடை கதைக்கப் போறீங்களோ?"

"வேண்டாம். பொருத்தம் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் தகவல் போகும். இன்றைக்கு அவனே கூப்பிடுவான்."