ஓவர்டைம் இல்லை

டென்மார்க்கின் சில்க்போர்க் நகர முதியோர் இல்லத்தில் யார் லீவு போட்டாலும் அந்த வேலைக்கு நிற்பவள் புஷ்பராணிதான். அன்று அவளே சாரங்கியிடம் போனாள். ஆட்களுக்கு வேலை நேரம் போடுவது சாரங்கி.

“இனி எனக்கு ஓவர்டைம் போடாதை பிள்ளை. மூண்டு மணியோட நான் வெளிக்கிட்டிடுவன்.”

“சனிக்கிழமையும் ஏலாதோ அன்ரி?”

“ஏலாது. ஒருத்தரும் என்னைக் கட்டி வைக்கேல்லை. கேட்ட உடனை ஓமெண்டது நான்தானே. பகலிலை உன்ரை முகத்தைக் கண்டு எவ்வளவு காலமெண்டு என்ரை மனுசன் எத்தினை தரம் சொல்லியிருக்கும். இனி அவரோட இருந்து தேத்தண்ணி குடிக்கப்போறன்.”

சாரங்கி ஓவர்டைம் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் புஷ்பராணி சீருடையைக் கழற்றிவிட்டு, அவருக்குப் பிடித்த பச்சைச் சேலையைக் கட்டினாள். சமையலறையில் இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றினாள். பிறகு வாசல் பக்கம் போகாமல் லிப்டில் மேல்மாடிக்கு ஏறினாள்.

அங்கே மறதி நோயாளர் பகுதியில், கடைசி அறையின் யன்னலோரம் அவளுடைய கணவர் இரத்தினசிங்கம் இருந்தார். கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். முகம் மலர்ந்தது.

“நல்லா இருக்குப் பிள்ளை. என்ரை மனுசிக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கோ. அவ வேலையாலை வரப் பிந்தும்.”