அபிராமபுரத்திலிருந்து ஒரு பாராட்டு

பாண்டி பஜாரில் வாங்கிய பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்மாறன் அபிராமபுரத்துப் பழைய குடியிருப்பு ஒன்றின் மாடிப்படியில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கிவிட்டான். ஒருவரைக் கௌரவிக்க வந்தவன் இப்படித் திருடன் மாதிரிப் பதுங்குவதை எதிர்வீட்டு அம்மாள் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தாள். அதன் பிறகுதான் வேறு வழியில்லாமல் மறுபடி மேலே ஏறி அழைப்பு மணியை அழுத்தினான்.

அரசு வாரியம் ஒன்றின் செல்போன் செயலியைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. மாற்றுத்திறனாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர இலவச வேன் பதிவு செய்யும் செயலி அது. பார்வையில்லாதவர் விரல் வைத்தால், அது எந்தப் பொத்தான் என்று செல்போன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சொல்கிறதா என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள், 'சோதித்தாயிற்று' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். செல்போன் படித்துச் சொல்வதற்கான பெயர் எந்தப் பொத்தானுக்கும் எழுதப்படாமலே செயலி மக்களிடம் போய்விட்டது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் புகார் பாக்கி பூஜ்யம் என்று காட்ட வேண்டும் என்பது வாரியத்தின் வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வந்த புகார்களில் ஒன்றைக்கூடத் திறக்காமல் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'சரிசெய்யப்பட்டது' என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

இந்த லட்சணத்தில்தான் முந்தாநாள் இயக்குநர் ஷீலாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் தனபாலன், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விரல் வைத்த இடத்திலெல்லாம் பொத்தானின் பெயரைச் சொல்கிறது, என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செயலி ஒரு வரம் என்று மனுஷர் உருகியிருந்தார்.

ஷீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. விருதுக்கு விண்ணப்பிக்க இதைவிட என்ன வேண்டும், அவர் செயலியைப் பயன்படுத்துவதை ஒரு இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வா என்று தமிழ்மாறனை அனுப்பினார். விருது கிடைத்தால் அவனுடைய ஒப்பந்த வேலை நிரந்தரமாகும் என்றும் சொல்லிவைத்தார்.

அவனுக்குத்தான் நம்ப முடியவில்லை. எழுதாத பெயரைச் செல்போன் எப்படிச் சொல்லும்? புது மாடல்கள் தானாகவே எதையாவது ஊகித்துச் சொல்லுமோ என்னவோ என்று வழியெல்லாம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தான்.

தனபாலனே கதவைத் திறந்தார். வாரியத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது, அதை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மனைவி சொர்ணமும் பார்வையில்லாதவர்தான் என்றும், பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறார் என்றும் சொல்லி உட்காரவைத்தார்.

அவருடைய இடது கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஏதோ மார்க்கெட்டுக்குப் போய்வருவதைப் போலச் சொன்னார். பிறகு டேபிள் ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிட்டு, அவரே காபி கலந்து, சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினார்.

அந்தக் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தான். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். செய்யாத வேலைக்கு இப்படிப்பட்ட மனுஷரிடம் நன்றி வாங்கினால் அந்தப் பாவம் சும்மா விடாது என்று பட்டது.

வேலை நிரந்தரமாகாவிட்டால் போகட்டும். வீடியோவுக்காக வெளியே எடுத்த செல்போனை மறுபடி சட்டைப்பைக்குள் போட்டான்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஆப்பை நான் டெஸ்ட் பண்ணவே இல்ல. பண்ணிட்டேன்னு பொய்யா கையெழுத்துப் போட்டேன்."

தனபாலன் தன் செல்போனை எடுத்துச் செயலியைத் திறந்து, விரலை மெதுவாக நகர்த்தினார்.

"பெயரில்லாத பட்டன்," என்றது செல்போன். விரல் கீழே இறங்கியது. "பெயரில்லாத பட்டன்." இன்னும் கீழே. "பெயரில்லாத பட்டன்."

"இதுல ஒண்ணு வேனை புக் பண்றது, இன்னொண்ணு கேன்சல் பண்றது," என்றார் தனபாலன். "போன செவ்வாக்கெழம எதை அமுக்கினேன்னு எனக்கே தெரியாது. வாசல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டிருந்தேன். அப்புறம் கீழ் வீட்டு மெஹபூப் அலி ஆட்டோல கூட்டிட்டுப் போனாரு. உங்க முறை போயிடுச்சுன்னு ஆஸ்பத்திரில திருப்பி அனுப்பிட்டாங்க. மறுநாள் மெஷின்ல படுக்கற வரைக்கும் மூச்சு விடவே கஷ்டமாப் போச்சு."

தமிழ்மாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷரின் உயிரோடு விளையாடியிருக்கிறோம் என்பது அவனுக்கு இப்போதுதான் முழுசாக உறைத்தது.

ஆனாலும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. இவ்வளவு பட்டவர் அந்த மின்னஞ்சலை எதற்காக எழுதினார்? தயங்கித் தயங்கி அதைக் கேட்டேவிட்டான்.

"அப்புறம் ஏன் சார் நல்லா இருக்குன்னு எழுதினீங்க?"

தனபாலனின் குரலில் கோபமே இல்லை.

"பதினோரு தடவை புகார் குடுத்தேன் தம்பி, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஒரே ஒரு தடவை பாராட்டினேன், வீடு தேடி வந்துட்டீங்க."