கன்னத்துக்குள் கூலி

கழுத்து நிமிரவில்லை. காலையிலிருந்து சுமந்த மூட்டைகள் இன்னும் பிடரியில் உட்கார்ந்திருந்தன.

குனிந்தபடியே, கூட மூட்டை தூக்குகிற மிக்கோனின் வீட்டுக்குள் நுழைந்தான்.

மிக்கோனைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் அவன் மனைவி.

இவன் கன்னத்துக்குள் இன்றைய கூலி. மூன்று ஒபோல். ஒவ்வொன்றும் மீன் செதில் அளவு வெள்ளி. பிரேயஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பில் ஒரு துணிதான். பை வைத்தால் அறுத்துவிடுவார்கள். ஏதென்ஸில் ஏழைக்கு வாய்தான் மடி.

மிக்கோன் மதியம் விழுந்தான். கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில், கோதுமை மூட்டையோடு. மூட்டை அவன் கழுத்தின் மேல் விழுந்தது.

மேஸ்திரி முதலில் மூட்டையைப் புரட்டிப் பார்த்தான். கிழியவில்லை.

"பொழுது சாயிற வரைக்கும் தூக்கினாத்தான் கூலி," என்றான்.

மிக்கோனின் வாய் காலியாக வீடு வந்தது.

தாடையை இன்னும் கட்டவில்லை. நாக்கில் காசு வைத்த பிறகுதான் கட்ட வேண்டும். செத்தவர்களை அக்கரை சேர்க்கிற படகுக்காரன் ஒரு ஒபோல் கேட்பான். இல்லாதவன் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

அவள் தெரு முழுக்கக் கேட்டுவிட்டாள். மாதக் கடைசி, வட்டி கட்டுகிற நாள். இருந்தவர்களும் இல்லை என்றார்கள்.

போன திராட்சைப் பறிப்புச் சமயம். கூலி வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவன் மேஸ்திரி மாதிரித் தும்மிக் காட்டினான். பாதித் தும்மலை உள்ளேயே இழுத்துக்கொண்டான். "வீணாக்கக் கூடாதுல்ல. நாளைக்கு ஆகும்."

மிக்கோன் சிரித்தான். ஒரு காசு தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அப்புறம் கொஞ்ச நாள் துறைமுகமே அவனைக் கேட்டது. "வந்துச்சா?"

வந்திருக்கும். யார் தேடுவது.

"சிரிக்க வெச்சவன் நீ. அந்த ஒபோல் உன் கணக்குலதான்டா," என்றான் மிக்கோன்.

முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். இவனும் சரி என்றான். சொன்ன பிறகு கடன் கடன்தான்.

பலகையில் எதிர்ப்படும்போதெல்லாம் மிக்கோன் ஒரு கையை நீட்டுவான். "எங்கடா என் ஒபோல்?"

இன்று காலையும் நீட்டினான்.

"நாளைக்கு," என்றான் இவன்.

நாக்கால் காசுகளைத் தள்ளிப் பார்த்தான். இரண்டு, மாவுக்கு. ஒன்று, வீட்டுக்காரனுக்கு. வாடகை பாக்கி என்று முந்தாநாள் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இன்று ஒரு ஒபோல் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்றிருக்கிறான். கடற்காற்று நேராக உள்ளே வருகிறது. சின்னவளுக்கு இருமல் நிற்கவில்லை. நேற்று இருமலில் ரத்தம் இருந்தது.

மிக்கோனின் மனைவி நிமிர்ந்தாள்.

"அண்ணே. யாராச்சும் தனக்குக் காசு தரணும்னு இவரு உங்ககிட்ட சொன்னாரா?"

வாயைத் திறந்தால் வெள்ளி தெரியும்.

தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்.

அவள் இவன் கன்னத்தைப் பார்த்தாள்.

கூலிக்காரன் பெண்டாட்டி. எந்தக் கன்னம் எதனால் புடைத்திருக்கும் என்று தெரியாதவள் இல்லை.



அடுப்போரம் காலையில் மத்தி கழுவிய சட்டி கிடந்தது. விளிம்பிலிருந்து ஒரு செதிலை நகத்தால் பெயர்த்தாள். முந்தானையில் துடைத்தாள். மிக்கோனின் நாக்கின் மேல் வைத்தாள்.

"படகுக்காரன் இருட்டுலதானே வாங்குறான்."

தாடையைக் கட்டினாள்.

இவன் வெளியே வந்தான். கழுத்து இன்னும் நிமிரவில்லை.

தெருமுனையில் வீட்டுக்காரன் நின்றிருந்தான். பக்கத்துச் சுவரில் கதவு சாய்ந்திருந்தது.

ஒரு காசை உள்ளங்கையில் துப்பினான். கொடுத்தான்.

கதவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

மிக்கோனுக்கு ஒரு ஒபோல் தர வேண்டும்.