நாசர் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம்

"இதை வரைஞ்சவன் யாரு? அவனை மொதல்ல வெளியே அனுப்புங்க. பெறகு பேசுவோம்."

ஆமத்தூர் முனியசாமி தாளை மேசையில் விரித்துப் போட்டார். உலக யுத்தத்தில் எகிப்து வரை போய் வந்த ஹவில்தார். இப்போது விருதுநகரில் பருத்திக்கொட்டைக் கடை. கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, 1968-ஆம் வருஷத்துக்கு இரண்டாயிரம் காலண்டர் ஆர்டர் கொடுத்திருந்தார். எகிப்து அதிபர் நாசர் படம். சிவகாசியில் சீனிவாசகத்தின் அச்சாபீசில் வேலை நடந்தது.

தாளில் மஞ்சள் மட்டும்தான் ஓடியிருந்தது. படத்துக்கு முதலில் மஞ்சள், அதற்குமேல்தான் சிவப்பும் நீலமும் கறுப்பும். மஞ்சளிலேயே குட்டு உடைந்துவிட்டது. ராணுவத் தொப்பிக்குப் பின்னால், சாமி படத்தில் இருப்பதுபோல, முழு நிலா அளவுக்கு ஒளிவட்டம்.

உள் அறையில் படம் வரைந்து அச்செடுக்கும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓவியர் சங்கையாவுக்கு எல்லாம் கேட்டது.

வட்டம் அவர் போட்டதுதான். முப்பது வருஷம் முருகனையும் லட்சுமியையும் வரைந்த கை. அது போதாதென்று, தபால் குமாஸ்தா மகனான இந்த நாசர் பட்டாளத்தில் சேர்ந்து, ராஜாவைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, பண்ணையார் நிலத்தைப் பிரித்து உழுதவனுக்குக் கொடுத்த கதையை டீக்கடையில் பேப்பர் வாசிக்கக் கேட்டிருந்தார். இவனுக்கு வட்டம் இல்லையென்றால் வேறு எவனுக்கு? கை தானாகச் சுற்றிவிட்டது.

இனி வேலை போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில், விரல் லேசாக நடுங்கத் தொடங்கிய ஆளை வேறு எந்தக் கம்பெனி சேர்க்கும்?

முதலாளி காப்பாற்றுவார் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சரஸ்வதிக்கு ஆறு விரல் போட்டதற்காக, சீனிவாசகம் அத்தனை பேர் முன்னாலும் வைதுவிட்டார். அன்றோடு சரி. முதலாளி பக்கத்திலேயே நின்று எது கேட்டாலும், மிஷின் ஓட்டும் ஒச்சப்பனைப் பார்த்துத்தான் சங்கையாவின் பதில் வரும். "நாளைக்கு முடிஞ்சிரும்னு சொல்லுலே."

வெளியே சீனிவாசகம் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "ஜூன் மாசச் சண்டையில ஆறே நாள்ல தோத்தவரு. அவரு படத்துக்கா ஹவில்தாரய்யா இம்புட்டுக் கோவம்?"

முனியசாமி சிரிக்கவில்லை. முஸ்லிம் மார்க்கத்தில் மனுஷனைச் சாமியாக்குவது ஆகாது என்றார். காலண்டரில் பாதியைப் பாய்மார்களுக்குத்தான் கொடுக்கப்போகிறேன், அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"தோத்த பெறகுதான் அண்ணாச்சி அவரு படம் போடணும்னு எனக்குத் தோணுச்சு. ரேடியோவுல வந்து, பொறுப்பு பூரா என்னுது, நான் எறங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. சனம் தெருவுக்கு வந்து அழுது, போகாதீகன்னு நிறுத்தியிருக்கு. நான் பாத்த அதிகாரிமாரு தோத்தா, சிப்பாய் தலையிலதான் கட்டுவாக."

சொல்லிவிட்டு மேசையைத் தட்டினார். "சரி, ஆளைக் காட்டுங்க."

கூப்பிடுமுன் போய் நிற்பதுதான் மரியாதை என்று சங்கையா எழுந்தார். அறை வாசல் வரை வந்தார். 

"வட்டம் போடச் சொன்னது நாந்தான்" என்றார் சீனிவாசகம். "வரைஞ்சவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல. புதுத் தாள்ல அடிச்சுத் தாறேன்."

ஒச்சப்பன் மிஷினை நிறுத்திவிட்டான்.

 நாலு வருஷம் கட்டிக் காத்த கோபத்தை இந்த மனுஷன் ஒரே பொய்யில் பிடுங்கிக்கொண்டு போகிறாரே என்று சங்கையாவுக்கு எரிச்சலாகக்கூட வந்தது. ஒச்சப்பன் பக்கம் திரும்பப் போன முகத்தை முதலாளி பக்கம் திருப்பினார்.

"ஏன் பொய் சொல்லுதீக மொதலாளி? யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

சீனிவாசகம் தலையைக் குனிந்துகொண்டார். முனியசாமி அவரைப் பார்த்தார், சங்கையாவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு மெதுவாக உட்கார்ந்தார். 

"போன வாரம் இதே வட்டத்தோட மாதிரிப் படத்தைக் காட்டுனப்ப, கண்ணாடியை எடுக்கச் சோம்பல்பட்டு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் நானு. அது உங்க மேசைக்குள்ளதான் கெடக்கு" என்றார். "அதை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டாம, ஏன் அண்ணாச்சி உங்க தலையில போட்டுக்கிட்டீக?"