ஓவர்மாரோ

தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்றில் ஒரு ராமபாணப் பூச்சி பெண்டாட்டியோடு குடியிருந்தது. உயிருள்ள சொல்லைத் தின்பது பாவம் என்று, வழக்கொழிந்ததாகச் சிலுவைக்குறி போட்ட சொற்களை மட்டும்தான் அது தின்னும். ஒருநாள் நல்ல பசியில் வாயை வைத்தால், ஒரு சொல் அலறியது.

"அண்ணே, பொறுங்க!"

"செத்த பயலுக்கு என்னடா சத்தம்? உன் பேரென்ன?"

"ஓவர்மாரோ. நாளைக்கு அடுத்த நாளுன்னு அர்த்தம்."

"அட, நாளன்னைக்கா! இப்ப அதுக்கு என்ன சொல்றாங்க?"

"'தி டே ஆஃப்டர் டுமாரோ'ன்னு நாலு சொல்லைக் கோத்து இழுக்கிறாங்க. என்னைக் கூப்பிட ஆளில்லை."

"கையில இருந்த ஒத்தச் சொல்லையா விட்டாங்க? விசித்திரமான சனங்கப்பா!"

பூச்சி அந்தச் சொல்லை ரெண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தது. வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பெண்டாட்டி அடுத்த பக்கத்திலிருந்து கேட்டாள். "ஏங்க, மேல் தட்டுக்கு என்னைக்குக் குடிபோறோம்?"

"ஓவர்மாரோ!" என்று விட்டது பூச்சி.

"கூப்பிட்டுட்டீங்களே அண்ணே!" என்று சொல் சிலிர்த்துக்கொண்டது. "இனி நான் செத்தவனா?"

பூச்சி எச்சிலை விழுங்கியது. பசி பொறுக்கவில்லை. சொல்லை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சிலுவைக்குறியை மட்டும் கடித்துத் தின்றது.