இரண்டு கிலோ

"இன்னும் ரெண்டரை கிலோ காட்டுது," என்றார் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை மதியழகன்.

துபாயிலிருந்து தம்பி அனுப்பிய ரிமோட் கார் தராசுக் கொக்கியில் தொங்கியது. பாறை ஏறும் கார். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் போட்டி. இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். அவர் விளக்குகளையும் பம்பரையும் கழற்றியிருந்தார். மேல்மூடியில் ஓட்டைகளும் போட்டிருந்தார். இனி எதையாவது கழற்றினால் கார் ஓடாது.

"ஐயா, லயத்து வீட்டுக்குப் போகணும். எங்களையும் கொஞ்சம் பாருங்க," என்றாள் பவளக்கொடி. அவளுக்குப் பின்னால் பெண்கள் கொழுந்துச் சாக்குகளுடன் வரிசையில் நின்றார்கள்.

"இரு. இன்னும் அரை கிலோவ எப்படிக் கொறைக்கிறதுன்னு தெரியல."

"இதுக்கா இவ்வளவு யோசன? தள்ளுங்க, நான் கொறச்சுக் காட்டுறேன்."

"ஒடச்சிராத."

"தொடவே மாட்டேங்க."

அவள் தராசின் முள்ளைப் பார்த்தாள்.

"ரெண்டரை. ஈரத்துக்குக் கால் கிலோ கழிங்க. முத்தின எலைக்குக் கால் கிலோ. ரெண்டு கிலோ சரியா வந்திருச்சு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கார்ல ஏது ஈரம்? ஏது எலை?"

"இந்த வெயில்ல எங்க கொழுந்துல மட்டும் ஏதுங்க ஈரம்? பதினெட்டு கிலோ இருந்தாத்தான் முழுச் சம்பளம். தெனமும் ரெண்டு கிலோ கழிச்சு அரை நாள் சம்பளந்தானே போடுறீங்க."

மதியழகன் காரை இறக்கிவிட்டு, அவளுடைய சாக்கைக் கொக்கியில் மாட்டினார்.

"பதினெட்டு," என்றார். வழக்கம்போல மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

பவளக்கொடி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை.

"பதினெட்டேதான்," என்றார்.