அக்காவின் காலில் ரத்தம்

கிருமிக் காமாலை புவனலதாவின் ஈரலை அரித்த காலத்தில், அட்டை கடித்தால் அவளுக்கு ரத்தம் நிற்கவே நிற்காது. தங்கை ஜெயராணிதான் தன் ஈரலில் பாதியைக் கொடுத்தாள். இப்போது கலவான மலையில் இருவரும் எங்களோடு தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள்.

நேற்று மழையில் ஜெயராணி தன் காலிலிருந்து கொழுத்த அட்டையொன்றைப் பிடுங்கி எறிந்தாள். கடித்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அடுத்த நிரையில் நின்ற அக்காவின் காலில் வழிந்தது. அங்கே கடித்த தடமே இல்லை.

"அக்கா, ரத்தம்!" என்றேன்.

"மெதுவா பேசுங்க. தங்கச்சிக்குத் தெரிஞ்சா நாளைக்கு மலைக்கே வரமாட்டா."

புவனலதா இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியின் நுனியால் காலைத் துடைத்தாள்.

"பாருங்க, நின்னுருச்சு. அவ குடுத்த ஈரலாச்சே!"